மேஜையில் ஆடும் கண்ணாடி

எங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஒரு சட்டம் இருந்தது. கண்ணாடி எந்த விலையாக இருந்தாலும் சரி, வாங்குகிறவர் கைக்குப் போவதற்கு முன்னால் அதை விரித்து மேஜைமேல் வைக்க வேண்டும். ஒரு மூலையில் விரலால் தட்ட வேண்டும். ஆடக் கூடாது. ஆடினால் காதில் மாட்டுகிற கம்பி ஒன்று ஏறியிருக்கிறது, இல்லை இறங்கியிருக்கிறது. திரும்பச் சூடு காட்டு, வளை, வை, தட்டு. இந்தச் சட்டத்தைப் போட்டது முதலாளி இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஃபிரேம் பொருத்திக்கொண்டிருந்த அக்கா. அவள் தட்டி முடிக்கும்வரை முதலாளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. நான் அதே கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவன். தலையெல்லாம் வெள்ளைத் தூளோடு வெளியே வந்தால், "மாவு மில்லுக்காரன் வந்துட்டான்டி, விலகி நில்லுங்க" என்று கத்துவாள். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கத்தலைக் கேட்டேன். அவள் புருஷன் எனக்கு அத்தான் ஆனார், நான் அவருக்கு மாப்பிள்ளை ஆனேன், அவள் மகளுக்கு மாமா ஆனேன். முதலில் எல்லாம் கேலிக்குத்தான். அப்புறம் அதுவே ஒட்டிக்கொண்டது.

அத்தான் தகர டப்பாவுக்கு மூடி அடிக்கிற ஆலையில் முப்பது வருஷம் இருந்தவர். பிரஸ் மிஷினில் மேலிருந்து ஒரு இரும்புத் தலை இறங்கும், தகரத்தில் ஒரு மூடி வெட்டுப்பட்டு விழும், தலை ஏறும். அடுத்தது. பேசினால் வாய் அசைவதுதான் தெரியும். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்திருந்தார்கள். யாரும் வைக்க மாட்டார்கள். மிஷின் தடம் மாறினால் முதலில் சத்தம்தான் மாறும், அது கேட்காவிட்டால் விரல் போய்விடும் என்று பயம். அதனால் அந்த ஆலைக்காரர்கள் விரலைக் காப்பாற்றிக் காதைக் கொடுத்தார்கள்.

"பத்து விரலையும் பத்திரமா வீட்டுக்குக் கொண்டாந்தேன்ல, அது போதும்" என்பார் அத்தான். வலது காது சுத்தமாகப் போயிற்று, காது மிஷின் வைத்தும் பிரயோஜனம் இல்லை. இடது காதில் கொஞ்சம் மிச்சம். அதற்குக் காதுக்குப் பின்னால் உட்காருகிற பெரிய காது மிஷினாகக் கொடுத்தார்கள். காதுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிற சின்ன மிஷினுக்கு அவர் காதை எழுப்புகிற பலம் இல்லையாம்.

மிஷின் வந்த மறு வாரமே அது மேஜை டிராயருக்குள் போய்விட்டது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரே வருகிறது ஆளா கம்பமா என்று தெரியாது. கண்ணாடியைப் போட்டால் கம்பி மிஷினை நெருக்கும். மிஷின் விசிலடிக்கும். கண்ணாடியைக் கழற்றினால் மிஷினும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். ஒரு தடவை நேராக டீ டம்ளருக்குள் விழுந்தது.

"காதுக்குப் பின்னால இருக்கிறது ஒரு விரக்கடை இடம். அதுல ரெண்டு குடித்தனத்தை எப்படி மாப்ள வைக்கிறது?" என்று என்னிடம் கேட்டார்.

அவரே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். தெருவில் கண்ணாடி, வீட்டில் மிஷின். அக்காவுக்கு அது ஆகவே இல்லை. கடையில் வந்து என்னிடம் பொரிந்து தள்ளினாள்.

"நான் சொல்றதைக் கேக்கணும்னா கண்ணாடியைக் கழட்டிட்டு சுவத்தைப் பாத்து உக்காந்துக்கறாருடா. என் மூஞ்சியைப் பாக்கணும்னா காதைக் கழட்டி வச்சிடறாரு. ஒண்ணு பாக்குறாரு, இல்ல கேக்குறாரு. ரெண்டும் சேந்து எப்பதான் நடக்கும்? இதுக்கா நான் குடித்தனம் பண்றேன்?"

அப்புறம் ஒரு மழை வாரம் வந்தது. கடைக்கு ஆள் வரவில்லை. அத்தானைக் கூட்டிவந்து ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்தாள். பழைய தடித்த ஃபிரேமைத் தூக்கி எறிந்தாள். மெல்லிய உலோகக் கம்பி வைத்த ஒன்றைத் தேடி எடுத்தாள். காதுக்குப் பின்னால் சாக்பீஸ் தூளைத் தடவி, கண்ணாடியை மாட்டிக் கழற்றி, எங்கே தூள் அழிந்திருக்கிறது, எங்கே உரசுகிறது என்று பார்த்தாள். காதைச் சுற்றிக் கீழே வளைந்து பிடிக்கிற கொக்கியைச் சூடு காட்டி நிமிர்த்தி, அது பின்மண்டையை லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கும்படி செய்தாள். இடது கம்பியை மட்டும் ஒரு தீக்குச்சி கனத்துக்கு ஏற்றினாள், மிஷின் அதற்கு அடியில் உட்காருவதற்காக. கம்பி நுனியில் மாட்டியிருக்கிற கறுப்பு உறையை அரத்தால் நாலு நாள் தேய்த்தாள். அவசரமே படவில்லை. தேய்ப்பாள், மாட்டிப் பார்ப்பாள், கழற்றுவாள், மறுபடி தேய்ப்பாள்.

கூடவே பாடம் வேறு. "முதல்ல கண்ணாடி. அப்புறம்தான் மிஷின். கழட்டறப்ப முதல்ல மிஷின். கண்ணாடியை ரெண்டு கையாலயும் பிடிச்சு நேரா முன்னால இழுக்கணும். ஒத்தைக் கையால ஒரு பக்கமா பிடுங்கினீங்க, கையை உடைச்சிடுவேன்."

"முப்பது வருஷம் பிரஸ்சுல தப்பின கை. கடைசியில உங்கிட்டயா உடையணும்?"

ஆறாவது நாள் மத்தியானம் இரண்டும் உட்கார்ந்தன. விசில் இல்லை, நெருக்கல் இல்லை. அத்தான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். குனிந்தார், நிமிர்ந்தார். அக்கா எதிரே நின்று, "என்ன, வலிக்குதா? சொல்லுங்களேன், வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டாள்.

அத்தான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பேசறப்ப இந்த இடது புருவம் மேல ஏறுதே. எப்பவுமே ஏறுமா?" என்றார்.

அக்கா அரத்தைத் துடைத்து டப்பாவில் வைத்தாள். அவளுக்கு வெட்கம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கொஞ்ச நாள் கழித்து, கழன்றுபோன ஒரு திருகாணியை மாற்ற அந்தக் கண்ணாடி கடைக்கு வந்தது. நான் மேஜையில் விரித்து வைத்துத் தட்டினேன். லொடலொடவென்று ஆடியது. எனக்கு ஒரே குஷி.

"அக்கா, உங்க சட்டம் எங்க போச்சு? வீட்டுக்காரர்னா ஒரு நியாயமா?"

"போடா மாவு மில்லு. அது மேஜைக்குப் பண்ணது இல்ல, அவர் தலைக்குப் பண்ணது" என்றாள். எங்கள் கடையில் ஒவ்வொரு வேலையும் ஒரு சின்னத் தட்டில் போகும், கூடவே என்ன செய்ய வேண்டும் என்று எழுதின ஒரு சீட்டு. அக்கா சீட்டை எடுத்துக் கொட்டை எழுத்தில் 'ஆடட்டும்' என்று எழுதித் தட்டில் போட்டாள். அதற்கப்புறம் அத்தான் கண்ணாடி எப்போது வந்தாலும் அந்த ஒரு வார்த்தை சீட்டில் இருக்கும். எழுதுகிறது அவள்தான்.

மகள் அப்போது வேறு ஊரில் ஒரு கண்ணாடிக் கடையில் இருந்தாள். தொழில் அம்மாவிடம் கற்றதுதான். மேஜையில் வைத்துத் தட்டுகிற பழக்கமும் அம்மாவிடமிருந்து வந்ததுதான். அக்காவுக்கு ஈரலில் நோய் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

ஐந்து மாசம். ஆள் கரைந்துகொண்டே போனாள். ஊரையே விலகி நிற்கச் சொன்ன குரல் கடைசியில் மூச்சுக்காற்று அளவுக்கு வந்துவிட்டது. நான் போனால் வாயருகே காதை வைத்தும் பாதி புரியாது. அத்தான் மட்டும் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு, கண்ணாடியும் மிஷினுமாக உட்கார்ந்திருப்பார். உதட்டைப் பார்ப்பார், வருகிற கொஞ்சம் சத்தத்தையும் பிடிப்பார், இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்வார். எங்களுக்கெல்லாம் அவர்தான் எடுத்துச் சொல்வார். "தண்ணி வேணாமாம். ஜன்னலைத் திறக்கணுமாம். உன்னைத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்றா மாப்ள, பஞ்சுப் பொதி மாதிரி இருக்காம்." காது கேட்காத மனுஷன் எங்களுக்குக் கேட்டுச் சொன்னார்.

எல்லாம் முடிந்து நாலாம் நாள், வாசலில் உட்கார்ந்து, "கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை விடாம கேட்டேன் மாப்ள. பாத்துக்கிட்டே கேட்டேன். அவ பண்ணிக்கொடுத்ததை வச்சு" என்று சொல்லிக் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் அழுதார். அழுகிறபோதுகூட முதலில் மிஷினைக் கழற்றி, அப்புறம் இரண்டு கையாலும் கண்ணாடியை நேராக முன்னால் எடுத்து, மடியில் வைத்துக்கொண்டுதான் அழுதார்.

மகள் திரும்பிப் போகவில்லை. எங்கள் கடை ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். கை அம்மா கை. வாய் மட்டும் கொஞ்சம் சின்னது.

ஒரு வருஷம் ஓடியது. அத்தானுக்குப் பார்வை இன்னும் இறங்கிவிட்டது. மாடிப்படியில் ஒரு நாள் தவறி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். புது நம்பர் எழுதி வாங்கினாள் மகள். அவர் கண்ணாடியைக் கொடுக்க மாட்டேன் என்கிறார். தூங்கும்போதும் கழற்றுவதில்லை. மகள் என்னிடம் வந்தாள்.

"மாமா, நீங்க சொன்னா கேப்பாரு. லென்ஸ்தானே மாத்தப் போறோம், என்னவோ காதை அறுத்துக் குடுன்னு கேட்ட மாதிரி பாக்குறாரு. அடுத்த தடவை மண்டை உடையும்."

நான் போனேன். அத்தான் ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"ஃபிரேமை யாரும் தொட மாட்டாங்க அத்தான். லென்ஸை மட்டும் எடுத்துட்டு லென்ஸை மட்டும் போடுவோம். நான் பொறுப்பு."

"நீ பொறுப்பா?"

"நான் பொறுப்பு."

மறுநாள் கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, மிஷினைக் கழற்றி, கண்ணாடியை எடுத்து, கைக்குட்டையில் வைத்துச் சுற்றி என் கையில் கொடுத்தார். "ஒரு மணி நேரம்" என்றார். மிஷினைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டு, எதுவும் தெரியாத கண்ணால் தெருப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

லென்ஸைத் தேய்த்தேன். அந்த வேலையில் நான் குறை வைக்கவில்லை. ஓரம் மழமழவென்று வந்தது. ஃபிரேமில் உட்காரவைத்துத் திருகாணியை முடுக்கினேன். தட்டில் வைத்தேன். சீட்டில் நம்பரை எழுதினேன். அந்த நேரம் பார்த்து ஒரு தையல் ஆலையிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்து இறங்கினார்கள், முதலாளி என்னைக் கூப்பிட்டார், தட்டை ஜன்னலோர மேஜையில் வைத்துவிட்டு ஓடினேன். 'ஆடட்டும்' என்று எழுதவில்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது எப்போதும் சீட்டில் தானாக இருக்கிற வார்த்தை என்று என் கை நினைத்துக்கொண்டுவிட்டது. எழுதுகிறவள் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

திரும்பி வருகிறபோது மகள் அப்பாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா, கண்ணாடி மேல ஏறி உக்காந்தீங்களா? இப்படிக் கோணிப்போயிருக்கு! ஒரு கம்பி மேல, ஒரு கம்பி கீழ. கொக்கி நிமுந்து கிடக்கு. அந்த நுனியைப் பாத்தீங்களா, தேஞ்சு தேஞ்சு ஒண்ணுமே இல்ல. இதைப் போட்டுக்கிட்டு எப்படித்தான் இருந்தீங்களோ. இந்தாங்க, புது நுனி போட்டு, நேராக்கி, பாருங்க." மேஜையில் விரித்து வைத்து மூலையில் தட்டினாள். ஆடவில்லை. "அம்மா பாத்திருந்தா பாஸ் போட்டிருப்பா" என்றாள்.

அத்தான் கையை நீட்டி வாங்கினார். மிஷினைக் கழற்றினார். கண்ணாடியை மாட்டினார். மிஷினை மாட்டினார். அது கீச்சென்று விசிலடித்தது. அவர் கட்டைவிரல் இடது கம்பியின் நுனியில் போய் ஒரு இடத்தைத் தேடியது. திரும்பத் தேடியது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லாயிருக்கும்மா" என்றார். "எல்லாம் பளிச்சுன்னு தெரியுது."

அதோடு போயிருக்கும். அவர் அதோடு விட்டிருப்பார். நான்தான், என் பாழாய்ப்போன வாய்தான், கதவருகே நின்றபடி, "ஐயோ, யாரு ஃபிரேமைத் தொட்டது? அது அக்கா வளைச்சது!" என்று கத்திவிட்டது.

மகள் என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"அம்மாவா? அம்மா எதுக்கு இப்படி... ஆடிச்சே மாமா. மேஜையில வச்சா ஆடிச்சே. அம்மா ஆட விடமாட்டாளே."

நான் சொன்னேன். மழை வாரத்தை, சாக்பீஸ் தூளை, தீக்குச்சி கனத்தை, நாலு நாள் அரத்தை. சீட்டையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே வந்து, சட்டென்று திரும்பி, மேஜைக்கு அடியில் இருந்த குப்பைத் தொட்டியைத் தரையில் கவிழ்த்தாள். தையல் ஆலைப் பெண்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். உடைந்த கம்பிகள், மூக்குத் தாங்கிகள், திருகாணிகள், லென்ஸ் சில்லுகள். அதற்கு நடுவே கறுப்பு நுனி உறைகள், இருபது முப்பது. ஒரு வாரத்துக் கழிவு. அவள் முழங்காலிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நானும் உட்கார்ந்தேன். தடித்ததையெல்லாம் தள்ளினோம். தேய்ந்து மெலிந்தவை மூன்று மிஞ்சின. பார்க்க மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன.

"இதுல எதுப்பா? பாத்துச் சொல்லுங்கப்பா. எது அம்மா தேச்சது?"

உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அத்தான் முதல் உறையை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் தடவினார். வைத்தார். இரண்டாவதைத் தடவினார். மூன்றாவதை ரொம்ப நேரம் தடவினார். மகள் அழாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இதேதான்" என்றார். "இதேதான்மா. கிடைச்சிருச்சு பாரு. எதுக்கு அழற?"

அவளுக்கு அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. முதலாளி அந்தப் பெண்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். அவள் அந்த உறையை மாட்டினாள். அப்பாவை ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்து, சூட்டுக் காற்றில் கம்பியைக் காட்டி, கொக்கியை நிமிர்த்தினாள், இடது கம்பியை ஏற்றினாள். ஒரு தீக்குச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்தாள். மாட்டினாள், கழற்றினாள். காதுக்குப் பின்னால் சாக்பீஸ் தூள் தடவினாள்.

"இப்பப்பா?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"கொஞ்சம் மேல."

அப்படி ஏழெட்டுத் தடவை. வெளியே வெயில் சாய்ந்து கடைக்குள் நீளமாக விழுந்தது. அவள் மத்தியானம் சாப்பிடவில்லை. முகம் சிவந்து வீங்கியிருந்தது. எட்டாவது தடவை மாட்டியதும் அத்தான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். குனிந்தார், நிமிர்ந்தார். விசில் வரவில்லை.

"ஆச்சு. உங்கம்மா பண்ண மாதிரியே இருக்கு."

"நிஜமாவாப்பா? எனக்காகச் சொல்லாதீங்க."

"உங்கிட்ட நான் எதுக்கும்மா பொய் சொல்லப்போறேன்?"

அவள் அவர் தலையைப் பிடித்து நெற்றியைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் குப்பையைக் கூட்டி அள்ளினேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு காலை. எனக்கு அன்று லென்ஸ் சரக்கு எடுக்கப் போக வேண்டிய வேலை. அதனால் அவர்கள் வீட்டுப் பக்கத்து பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அப்பாவும் மகளும் ஒரே குடையில் வந்தார்கள். தினமும் அவளை பஸ் ஏற்றிவிட வருவார் என்று தெரியும். அவள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கடைக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார், தலையாட்டினார், ஏதோ கிண்டல் செய்தார், அவள் அவர் தோளில் ஒரு அடி போட்டாள். பஸ் வந்தது. "போயிட்டு வரேன்ப்பா" என்று படியில் நின்று கத்தினாள். "பாத்துப் போம்மா" என்று இவர் பதிலுக்குக் கத்தினார்.

பஸ் திருப்பத்தில் மறைகிறவரை கையை ஆட்டினார். மறைந்ததும் குடையைக் கக்கத்தில் இடுக்கினார். மிஷினைக் கழற்றினார். மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு. சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒற்றினார். மிஷினை டப்பாவில் போட்டுப் பையில் வைத்தார்.

நான் ரோட்டைத் தாண்டி ஓடினேன். "அத்தான்" என்றேன். கேட்கவில்லை. முன்னால் போய் நின்றேன். திடுக்கிட்டார். நான் அவர் முடியை ஒதுக்கிப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. அதை மறைக்கத்தான் பக்கத்து முடியை வளர்த்து இழுத்து வாரியிருந்திருக்கிறார்.

என்ன இது என்று கையால் கேட்டேன். அவர் கண்ணாடியை எடுத்துவிட்டு மிஷினை மட்டும் மாட்டிக்கொண்டார். பழைய ஏற்பாடு.

"கத்தாத. சொல்லு."

"அது அக்கா தேச்சது இல்லியா?"

"இல்ல மாப்ள. அவ அந்த நுனியில நகத்தால தொட்டா தெரியற மாதிரி ஒரு கீறல் போட்டிருந்தா. எது இடது எது வலதுன்னு கண்ணு தெரியாமலே எனக்குத் தெரியணும்னு. அந்த மூணுலயும் அது இல்ல. கழட்டினப்பவே தொட்டியில விழாம எங்கயாவது எகிறிப் போயிருக்கும்."

"அப்ப எதுக்கு இதேதான்னு சொன்னீங்க?"

"பின்ன என்ன சொல்லச் சொல்ற? தரையில முட்டி போட்டுக்கிட்டு என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருந்தா. இல்லேன்னு சொன்னா அந்தப் பொண்ணு ஆயுசுக்கும் அந்தத் தொட்டியைத்தான் கவுத்துக்கிட்டு இருக்கும்."

"வளைவையாவது சரி பண்ணச் சொல்லலாமே. இன்னும் ரெண்டு தடவை சூடு காட்டினா வந்துடும் அத்தான்."

"வந்துடுச்சுன்னு சொல்லியாச்சே. வலிக்குதுன்னு இப்ப சொன்னா அன்னிக்குச் சொன்னது பொய்யின்னு ஆயிடும். நுனியும் பொய்யின்னு கண்டுபிடிச்சிடுவா. அவ உங்கக்கா பொண்ணு."

"வேற கடையில குடுத்து..."

"வேற எவனும் தொட வேணாம்." குரல் உயர்ந்தது. பிறகு தணிந்தது. "உங்கக்கா கைபட்டது போயிடுச்சு மாப்ள. இப்ப இருக்கறது இவ கைபட்டது. இதையும் தூக்கிக் குடுக்கவா?"

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "எல்லாம் என்னாலதான் அத்தான். நான் பொறுப்புன்னு சொன்னேன். ஒரு வார்த்தை எழுதியிருந்தா..."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தோளில் எப்போதும் படிந்திருக்கும் லென்ஸ் தூளைத் தட்டிவிட்டார். என்னால்தான் என்பது அவருக்கும் தெரியும்.

"நாள் பூராவா போட்டிருக்கேன்? அவ வேலைக்குப் போனதும் கழட்டிடறேன். சாயங்காலம் அவ வர்றப்ப கொஞ்ச நேரம். காலையில இங்க நடந்து வர்ற பத்து நிமிஷம். அவ்வளவுதான்" என்றார்.

"அந்தப் பத்து நிமிஷம் மட்டும் ஏன் அத்தான் ரத்தம் வர ரெண்டையும் மாட்டணும்? கண்ணாடி இல்லாம மிஷினை மட்டும் போட்டுக்கிட்டு வாங்களேன். குடையைப் பிடிச்சுக்கிட்டு அவதானே கூட வர்றா."

அவர் மடியில் இருந்த கண்ணாடியின் கம்பியை மடக்கினார், விரித்தார். தெருவைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு அங்கே ஒன்றும் தெரிந்திருக்காது.

"அவளுக்கும் பேசறப்ப புருவம் ஏறுது மாப்ள" என்றார். "அதே இடது பக்கம். இத்தனை நாளா நான் பாக்கவே இல்ல."

பிறகு மிஷினைக் கழற்றிப் பையில் போட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். வாயில் விரலை வைத்து, சொல்லாதே என்று எனக்குக் காட்டினார். குடையை விரித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். பின்னால் ஒரு லாரி வந்து விடாமல் ஹாரன் அடித்தது. அவர் திரும்பவே இல்லை. லாரிக்காரன்தான் ஒதுங்கிப் போனான்.

நான் சரக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு ஃபிரேமை மேஜையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறகு அவளிடம் ஒரு புதுப் பழக்கம். தட்டி ஆடினால் உடனே சூடு காட்டுவதில்லை. கண்ணாடிக்காரர் யார், கூப்பிடுங்கள் என்று கேட்டு, வரவழைத்து, காதைப் பார்த்த பிறகுதான் தொடுவாள்.

"மாமா, அப்பாவை வழியில பாத்தீங்களா? நல்லா நடக்குறாரில்ல இப்ப?" என்றாள். "ரெண்டும் சேத்துப் போட்டுக்கறாரு. காது வலிக்குது கீது வலிக்குதுன்னு உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? எங்கிட்ட சொல்ல மாட்டாரு, அதான் கேக்கறேன்."

கேட்கும்போது அவள் இடது புருவம் ஏறியது.

"இல்லம்மா, ஒண்ணும் சொல்லல" என்றேன். பின்னறைக்குப் போய் லென்ஸ் தேய்க்கிற மிஷினைப் போட்டேன்.